வாத்தியார் படித்த பாடம்

நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதன் செய்யத்தக்க காரியங்கள் பல உண்டு. பெண்ணுக்கு வரன் தேடலாம். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம். நானோ ஸ்பானிய வினைச்சொற்களை நெட்டுருப் போட ஆரம்பித்தேன். விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து, "அப்லோ, அப்லாஸ், அப்லா" என்று நான் முணுமுணுப்பதைக் கேட்ட என் மனைவி, முதலில் அதை ஏதோ மந்திரம் என்றே எண்ணினாள். அது 'பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான்' என்று தெரிந்தபோது, "இதுவரை பேசியது போதாதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த விபரீத ஆசைக்குக் காரணம் எங்கள் ஊர்தான். திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் ஆலந்தலையில் வசிப்பவனுக்குச் சவேரியாரின் கதை தெரியாமல் இராது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், ஸ்பெயின் தேசத்தின் வடக்கேயுள்ள நவார் நாட்டில் பிறந்தவர். 1544-இல் ரோமாபுரியிலிருந்த தம் தோழர்களுக்கு ஸ்பானிய மொழியில் எழுதிய கடிதத்தில், 'இவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது இவர்களுக்குப் புரியவில்லை' என்ற கருத்துப்பட எழுதியிருக்கிறார். அவருடைய தாய்மொழி பாஸ்க்கு. அந்தக் கடிதத்தை அவர் எழுதிய மொழியிலேயே படித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை பிறந்தது.

ஆரம்பத்தில் தைரியமாகவே இருந்தது. ஆங்கிலத்தில் 'நான்' என்பதைச் சொல்லாமல் வாக்கியம் நகராது. ஸ்பானியத்திலோ, நம் 'வந்தேன்' என்பதைப் போல, வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடும். தோன்றா எழுவாய் அங்கும் உண்டு. வினைகள் 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என்று முடியும் மூன்றே வகுப்புக்கள். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் கப்பல் பாறையில் மோதிற்று. இறந்த காலம் ஒன்றுக்கு இரண்டு: முடிந்துபோன செயலுக்கு ஒன்று, நடந்துகொண்டிருந்த செயலுக்கு மற்றொன்று. 'ஃபுயி' என்றால் 'போனேன்' என்றும் பொருள். 'இருந்தேன்' என்றும் பொருள். அடிக்கடி வழங்கும் சொற்களே விதிக்கு அடங்காமல் திமிறுகின்றன.

நம் தமிழ் மட்டும் சாதுவா என்ன? எழுதினேன், படித்தேன், உண்டேன், நின்றேன், கேட்டேன் என்று இறந்த காலத்துக்கு எத்தனை வேஷங்கள்! சவேரியாரும் இங்கே தடுக்கி விழுந்தவர்தாம். அவர் துணைகொண்டு ஆக்கிய தமிழ் ஜபத்தில், 'நம்புகிறேன்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று அமைந்துவிட்டது. 'வேண்டும்' என்ற சொல் நான், நீ, அவன் என்ற மூவிடத்துக்கும் மாறாமல் நிற்பது. புதிதாய்த் தமிழ் கற்பவனுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் அர்த்தம் வேறல்லவா? பிழை தெரிந்ததும், 'வேணும்' என்றால் விரும்புவது, இனி 'விசுவாசம்' என்று சொல்லும் என்று 1544-இல் தம் தோழர் மான்சிலாசுக்கு எழுதினார். அவருக்குப் பின் இக்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் அன்றிக் அன்றீக்கஸ் பாதிரியார், தமிழ் வினைகளை லத்தீன் முறைப்படி வரிசைப்படுத்தி 1549 வாக்கில் ஓர் இலக்கணமே எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய மொழிபெயர்ப்பே.

இவற்றையெல்லாம் ரசித்துப் படித்தேன். என்னைப் பற்றிய பாடம் ஒன்று மிச்சமிருந்தது என்பது அப்போது தெரியவில்லை.

இருபது வருஷங்களுக்கு முன், நான் உத்தியோகத்துக்குப் புதியவன். ஆங்கில வகுப்பில் மீனவர் வீட்டுப் பையன் ஒருவனை எழுப்பி, "'கோ' என்பதற்கு இறந்த காலம் என்ன?" என்று கேட்டேன். "'கோட்' ஸார்" என்றான். "ஆட்டையா கேட்டேன்?" என்றேன். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பையனுக்கு 'ஆடு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். கடலுக்குப் போகிறான் என்றார்கள். நானும் மறந்துபோனேன்.

சென்ற வருஷம் அவன் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தான். பார்சலோனா, வாலென்சியா துறைமுகங்களுக்குப் போய்வரும் கப்பலில் வேலை. ஸ்பானிய மொழி நன்றாய்ப் பேசுவான் என்று கேள்விப்பட்டு, வெட்கத்தை விட்டு அழைத்தனுப்பினேன். திண்ணையில் உட்காரச் சொன்னால், நின்றுகொண்டே இருந்தான். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தேன். 'எனக்குத் தெரியும்' என்பதற்கு, விதிப்படியே, "யோ ஸாபோ" என்று கம்பீரமாகச் சொன்னேன்.

அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அதை 'ஸே'ன்னு சொல்லணும் ஸார். அது மட்டும் கொஞ்சம் வேற மாதிரி" என்றான்.

"நீ இதையெல்லாம் எப்படி அப்பா கற்றாய்?" என்றேன்.

"தப்புத் தப்பாத்தான் பேசினேன் ஸார். கப்பல்ல இருந்த பெரியவர் ஒருத்தர் திருத்துவார், சிரிக்க மாட்டார். சிரிச்சிருந்தா விட்டிருப்பேன்."

அதில் குத்தல் ஏதும் இருந்ததாகத் தோன்றவில்லை. எனக்குத்தான் நெஞ்சில் சுருக்கென்றது. இரவு அகராதியைப் புரட்டியபோது மற்றொன்றும் தெரிந்தது. பகரத்தை வல்லோசையாக அழுத்திச் சொன்னால் 'ஸாபோ' என்பதற்குத் தேரை என்று பொருள். தமிழ் நாக்கு எப்படிச் சொல்லியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. நான் அவனை ஆடாக்கினேன். என்னை நானே தேரையாக்கிக்கொண்டபோது, அவன் வாய்விட்டுச் சிரித்திருக்கலாம். ஊர் முழுவதும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் அவன் வீட்டுக்கு நானே போனேன். 'கோட்' என்று சொன்ன பிள்ளை விதியைச் சரியாய்ப் பிடித்துக்கொண்டவன், தவறு ஆங்கிலத்தினுடையது என்று இருபது வருஷம் கழித்துச் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சாயா குடியுங்க ஸார்" என்றான்.

இப்போது ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும் நாளன்று, என் வகுப்பில் முதல் பாடமாக இந்தத் தேரைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதன் பிறகு, தப்பாகப் பதில் சொல்ல ஒருவனும் பயப்படுவதில்லை.