தெற்கு நோக்கிய தகடு

வீட்டில் சுவரில் உள்ள விசையைத் தட்டினால் விளக்கெரிகிறது. அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்று நாம் கேட்பதில்லை. அறுபது வயதைக் கடந்த பின்னரே, அதுவும் கடல் கடந்து சென்ற இடத்தில், இக்கேள்வியைக் கேட்க நேர்ந்தது.

2023 அக்டோபரில், பெர்த் நகரில் பணியாற்றும் நம் மகனுடன் ஆஸ்திரேலியாவின் தென்கரையோரமாகக் கிழக்கு நோக்கிப் பயணம் செய்தோம். படுக்கையும் அடுப்பும் குளிர்பெட்டியும் அமைந்த கேம்பர் வேன் ஒன்றே அப்பயணத்தில் நம் இல்லம். நார்ஸ்மனிலிருந்து செடூனா வரை சுமார் 1,200 கிலோமீட்டர். அவ்வழியில் ஓரிடத்தில் 146 கிலோமீட்டருக்குச் சாலை ஒரு வளைவுமின்றிச் செல்கிறது. நல்லர்பார் எனும் பெயருக்கே 'மரமில்லாதது' என்று பொருள். அடுத்த மருந்துக் கடை பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

மருந்துக் கடையை நாம் குறிப்பிடக் காரணம் உண்டு. நம் துணைவியார் நெடுநாளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். இரண்டு மாதங்களுக்கு வேண்டிய மருந்து அக்குளிர்பெட்டியில் இருந்தது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்துக் காக்க வேண்டும். ஆகவே அந்தச் சின்னஞ்சிறு பெட்டி எமக்கு ஆடம்பரப் பொருளன்று. ஓர் உயிரின் காவல்.

வண்டியில் 100 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் பேட்டரி ஒன்று இருந்தது. நிரம்பினால் அதில் சுமார் 1,280 வாட்-மணி அடங்கும். வண்டி ஓடும்போது எஞ்சினும் அதனை ஊட்டும்; நின்றுவிட்டால் சூரியன் ஒருவனே துணை. அதற்கென 200 வாட் மின்தகடு ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். நல்ல வெயிலில் சரியாக விரித்து வைத்தால் நாளொன்றுக்குச் சுமார் 800 வாட்-மணி தரும் என்றான் மகன்.

கடலோரக் குன்றுகளுக்கு அருகே இரண்டு நாள் தங்கினோம். முதல் நாள் காலையில் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் கடலைப் பார்க்கக் கிளம்பினார்கள். தகட்டை விரிக்கும் பொறுப்பை நாமே கேட்டு வாங்கிக்கொண்டோம். நம் ஊர் வீட்டு மாடியிலும் மின்தகடு உண்டு. அதனைப் பொருத்தியபோது பக்கத்தில் நின்று பார்த்தவர் நாம். அந்தப் பெருமிதத்தோடு, தகட்டைச் சாய்த்துத் தெற்கு நோக்கி நிறுத்தினோம். துணைவியார் மின்குக்கரில் பகலுக்குச் சோறாக்கினார், இரவுக்கும் ஆக்கினார்.

இரவு இரண்டு மணியிருக்கும். முதலில் விழித்தவர் அவர்தாம். ஓசை கேட்டு விழிக்கவில்லை. ஓசை நின்றதால் விழித்தார்.

"பொட்டி சத்தம் நின்னுபோச்சே" என்றார்.

மகன் எழுந்து மின்மானியைப் பார்த்தான். பேட்டரி வற்றித் தானாகவே துண்டித்துக்கொண்டிருந்தது. சற்று நேரம் யோசித்துவிட்டு, "வாப்பா, தகட்டை எந்தப் பக்கம் பார்த்து வச்சீங்க?" என்று கேட்டான்.

வாயைத் திறந்தபோதே நமக்கு விடை புரிந்துவிட்டது. நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் உச்சிக்குத் தெற்கே நிற்கிறான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெகுதூரம் வந்துவிட்ட அந்நிலத்திலோ அவன் வடக்கே நிற்கிறான். பகல் முழுதும் நம் தகடு அவனுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறது. கிடைக்கவேண்டியதில் பாதியளவே கிடைத்திருக்கும்.

மகன் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. எஞ்சினை இயக்கினான், சிறிது நேரத்தில் பெட்டி மீண்டும் முனகத் தொடங்கியது. உள்ளே குளிர் இன்னும் கலையாதிருந்ததால் மருந்துக்குச் சேதமில்லை. எனினும் விடியும்வரை நமக்கு உறக்கம் வரவில்லை.

காலையில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். குளிர்பெட்டி விட்டு விட்டு ஓடி நாளெல்லாம் செலவழிப்பது சுமார் 400 வாட்-மணி. விளக்குகளும் கைபேசிகளும் சேர்ந்தாலும் நூறைத் தாண்டா. சிறு விசிறி இரவு முழுதும் சுழன்றாலும் இருநூறுக்குள். ஆனால் 500 வாட் குக்கர் அரை மணி நேரத்தில் 250 வாட்-மணியை விழுங்கிவிடுகிறது. ஒரு வேளைச் சோறு, குளிர்பெட்டியின் 15 மணி நேர உணவு! ஒளி தருவனவும் சுழல்வனவும் கொறிக்கின்றன. சூடு தருவனவோ அள்ளி விழுங்குகின்றன. தேநீர்க் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, தலைமுடி உலர்த்தி யாவும் அந்தச் சாதியே. வீட்டில் இந்த வேற்றுமை மாதாந்தரச் சீட்டில் ஒரே தொகையாகக் கரைந்துபோகிறது. வண்டியில் அது நள்ளிரவில் எழுப்பிச் சொல்கிறது.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் முதன்முதலாகக் காட்டிய சிலிக்கான் மின்கலம் தன்மேல் விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்கையே மின்சாரமாக்கியது. இன்றைய தகடுகள் இருபதுக்கும் மேல் ஆக்குகின்றன. அறிவு அவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது. எனினும் அதனை எத்திசையில் வைப்பது என்பதை மனிதன்தான் அறிந்திருக்க வேண்டும். கருவியில் குறையில்லை. ஓரிடத்தில் கற்ற உண்மை எவ்விடத்துக்கும் பொருந்தும் என்று நாம் எண்ணியதே குறை.

அன்று தகடு வடக்கு நோக்கி நின்றது. பொழுது நகர நகர, நாமே எழுந்து சென்று அதனைச் சற்றே திருப்பி வைத்தோம். வண்டியின் நிழலோ துணிக்கொடியின் நிழலோ அதன்மேல் விழாமலும் பார்த்துக்கொண்டோம். கலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒரு மூலையில் விழும் நிழலும் முழு வரிசையையும் தளர்த்திவிடும்.

துணைவியார் குக்கரைத் துடைத்து இருக்கையின் அடியில் வைத்தார். "இதுக்கு இங்க வேல இல்ல. கேஸ் அடுப்புல வடிச்சுக்குவோம்" என்றார். அன்றிரவு பெட்டி நிற்கவில்லை. இடையிடையே விழித்து, அதன் மெல்லிய முனகலைச் செவிமடுத்துவிட்டு, மீண்டும் உறங்கினோம்.

ஊர் திரும்பிச் சில மாதங்கள் ஆகிவிட்டன. இங்கே நம் தகடு தெற்கு நோக்கியே நிற்கிறது. இங்கே அதுவே சரி. ஆயினும் மாடிக்குச் செல்லும்போதெல்லாம் ஒருமுறை சூரியனை அண்ணாந்து பார்த்துவிட்டே இறங்குகிறோம்.