ஆடித் தள்ளுபடியில் ஷேர்!

ஆடி மாசம் தி.நகரில் புடவை வாங்குகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பாதி விலை என்றதும் கை நீளும். ஆனால், பில் போடுவதற்கு முன் புடவையை முழுக்கப் பிரித்துப் பார்த்துவிடுவார்கள். கிழிசல் இருக்கா, கறை இருக்கா, சாயம் போகுமா? ஐந்நூறு ரூபாய் புடவைக்கே இத்தனை சோதனை. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஷேர் வாங்கும்போது மட்டும், ‘நேத்து இருநூறு சார், இன்னிக்கு நூத்தம்பது. அள்ளிடலாம்!’ என்கிறோம்.

நல்ல கம்பெனி ஒரு கெட்ட செய்தியால் விழும்போது வாங்குவது புத்திசாலித்தனம் என்பார்கள். தப்பில்லை. ஆனால், எந்த மாதிரி கெட்ட செய்தி? விஷயமே அதில்தான் இருக்கிறது. ஐ.டி. கம்பெனிகளிலிருந்தே உதாரணம் சொல்கிறேன்.

2013 ஏப்ரல் 12. ரிசல்ட் வெளியிட்ட இன்ஃபோசிஸ், அடுத்த ஒரு வருடத்தில் டாலர் வருமானம் 6 முதல் 10 சதவிகிதம்தான் வளரும் என்றது. மார்க்கெட் எதிர்பார்த்ததோ அதிகம். ஒரே நாளில் ஷேர் சுமார் 21 சதவிகிதம் சரிந்தது. அப்படி என்ன கெட்டுப்போனது? வளர்ச்சி குறைந்திருந்தது, அவ்வளவுதான். கடன் கிடையாது, கையில் ரொக்கம் இருந்தது. ஜூனில் நாராயணமூர்த்தி திரும்பி வந்தார். அந்த வருடம் முடிவதற்குள், விழுந்ததை எல்லாம் மீட்டு அதற்கு மேலும் ஏறிவிட்டது ஷேர்.

இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஏப்ரலில் 54, 55 ரூபாயாக இருந்த டாலர், ஆகஸ்ட்டில் 68-ஐத் தாண்டியது. டாலரில் சம்பாதிக்கும் கம்பெனிக்கு அது லாட்டரி!

இப்போது இன்னொரு கதை. 2008 டிசம்பர் 16. ஹைதராபாத்தில் இருந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ், மேடாஸ் என்ற பெயருள்ள இரண்டு கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. சத்யம் என்பதை ஆங்கிலத்தில் எழுதித் திருப்பிப் படித்துப் பாருங்கள், மேடாஸ் வரும். சேர்மன் ராமலிங்க ராஜுவின் குடும்பத்துக் கம்பெனிகள்தான் அவை. முதலீட்டாளர்கள் போட்ட சத்தத்தில் விடிவதற்குள் திட்டத்தைக் கைவிட்டார்கள். இருந்தும் மறுநாள் ஷேர் 30 சதவிகிதம் இறங்கி, 158 ரூபாய்க்கு வந்தது.

‘அதான் வேண்டாம்னு சொல்லிட்டாங்களே, இனிமே என்ன?’ என்று அன்றைக்கு வாங்கியவருக்கு ஜனவரி 6-ம் தேதி ஷேர் 179 ரூபாய். மூன்றே வாரத்தில் லாபம், காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். மறுநாள் வந்தது ராஜுவின் கடிதம். கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லையாம்! அன்று மாலை ஷேர் விலை சுமார் 40 ரூபாய்.

இரண்டுமே ‘தள்ளுபடி’தான். ஆனால், முதல் செய்தி வியாபாரத்தைப் பற்றியது. இரண்டாவது, கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது. வியாபாரம் மந்தமானால் இரண்டு காலாண்டோ, இரண்டு வருடமோ பொறுத்தால் நிமிரலாம். கல்லாக்காரர் மேல் சந்தேகம் வந்துவிட்டால், எந்த விலையையும் மலிவு என்று சொல்ல முடியாது. லாபமே பொய் என்றால், அதை வைத்துப் போடும் மலிவுக் கணக்கும் பொய்தானே!

‘2019-ல் என்ன ஆச்சு?’ என்று சிலர் மடக்குவீர்கள். நியாயம்தான். அந்த அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிர்வாகத்தின் மேல், பெயர் சொல்லாத ஊழியர்களின் புகார்க் கடிதம் வெளியானது. ஷேர் ஒரே நாளில் 16 சதவிகிதம் விழுந்தது. ஜனவரியில் விசாரணை முடிந்து, புகாருக்கு ஆதாரம் இல்லை என்றார்கள். விழுந்த அன்றே வாங்கியவர் ஜெயித்தார். ஆனால், அன்று அவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடந்தவர் அந்தப் பக்கம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததால், அதுவே ரோடு கடக்கும் முறை ஆகிவிடாது. விசாரணை முடியும்வரை காத்திருந்தவர் ஷேருக்கு சுமார் நூறு ரூபாய் அதிகம் கொடுத்திருப்பார். கொடுக்கலாம் சார். ராத்திரி நிம்மதியாகத் தூங்குவதற்கான கட்டணம் அது.

முதல் ரகச் செய்தியிலும் மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். இருபது சதவிகிதம் விழுந்தது இன்னும் இருபது விழாது என்று எந்தச் சட்டமும் இல்லை. மூன்று, நான்கு தவணையாக வாங்குங்கள். கடன் வாங்கியோ, பெண் கல்யாணத்துக்கு வைத்த பணத்திலோ வேண்டவே வேண்டாம். நிமிர எத்தனை நாள் ஆகுமோ, அத்தனை நாள் காத்திருக்கக்கூடிய பணமாக இருக்கட்டும்.

அடுத்த முறை புரோக்கர் போன் செய்து, ‘பாதி விலை சார்!’ என்றால், விலையை அப்புறம் பேசலாம். ‘ஏன் விழுந்தது?’ என்று முதலில் கேளுங்கள். பதில் புரியவில்லையா? அன்றைக்கு ஷேர் வாங்காமல் இருந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது.