கத்ரி மலையடியில் ஒரு பெல்ஜியக் குழல்

மங்களூரில் கத்ரி மலையடிவாரத்து மஞ்சுநாதர் கோயிலைப் பார்க்க வருபவர்கள் பழைய வெண்கல லோகேஸ்வரரையும் மலைச்சுனை நீரையும் தேடுவார்கள். தமிழர்களுக்கு இந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஞாபகத்துக்கு வருவது ஒரு வாத்தியம். துளு நாட்டில் ஸாக்ஸபோன் ஓர் அதிசயமே அல்ல. கல்யாண ஊர்வலத்திலும் கோயில் திருவிழாவிலும் நாகஸ்வரம் நிற்க வேண்டிய இடத்தில், வேட்டி கட்டியவர்கள் வளைந்த பித்தளைக் குழலை ஊதுவதைச் சகஜமாகப் பார்க்கலாம்.

எப்படி இத்தனை சுலபமாகப் பொருந்தியது? பெல்ஜியத்தின் தினாந்த் நகரில் 1814-ல் பிறந்த அடால்ஃப் ஸாக்ஸ், இந்த வாத்தியத்துக்கு 1846-ல் பாரிஸில் காப்புரிமை பெற்றார். ராணுவ பேண்டுகளில் மரக்குழல்களுக்கும் பித்தளை வாத்தியங்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியை நிரப்புவது அவர் நோக்கம். அதாவது, திறந்தவெளிக்காகவே பிறந்த குரல். உடல் பித்தளை என்றாலும் இது டிரம்பெட்டின் உறவு அல்ல. டிரம்பெட்டில் அதிர்வது உதடு. இதில் அதிர்வது வாய்முனையில் பொருத்திய நாணல் பட்டை. அதனால் கிளாரினெட், ஓபோ உட்கார்ந்திருக்கும் மரக்குழல் வரிசையில்தான் இதற்கும் இடம். கீழே போகப் போக விரியும் குழல் வேறு. நேர்க்குழலான கிளாரினெட் மேலே தாவினால் ஒரு ஸ்தாயியையும் தாண்டிப் பஞ்சமத்தில் போய் நிற்கும். ஸாக்ஸபோனோ நாகஸ்வரத்தைப் போல ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கே போகும். தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம்.

சிக்கல் கமகத்தில். நாகஸ்வரத் துளையை விரல் பாதி மூடி ஸ்வரத்தை இழைக்கலாம். ஏ.கே.சி. நடராஜன் கையாண்ட கிளாரினெட்டிலாவது சில துளைகளை விரலே மூடும். ஸாக்ஸபோனில் எல்லாம் சாவிகள், மூடிகள். ஸ்வரங்கள் படிக்கட்டு மாதிரி தனித்தனியாக நிற்கும்.

நாகஸ்வர வித்வானின் மகனான கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் இதைக் கேட்டு மயங்கியவர். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். இரண்டாமவர் பாடகர் என்பதுதான் முக்கியம். வாய்ப்பாட்டின் வளைவுகளை உதட்டு அழுத்தத்தாலும் மூச்சாலும் படிக்கட்டுகளுக்கு நடுவே கொண்டுவந்தார் கோபால்நாத். 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. பிராமனேட் கச்சேரி. அதே ஆண்டு வந்த 'டூயட்' படத்தில் பிரபு ஊதுவதாகக் காட்டிய ஸாக்ஸபோனும் அவருடையதே. 2004-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் காலமானார்.

அவர் வழியில் வந்த இளைஞர்கள் இன்று கடற்கரை ஜில்லாக்களில் ஏராளம். விறுவிறுப்பான கீர்த்தனை என்றால் கூட்டத்தைக் கட்டிப் போடுகிறார்கள். தோடியை விஸ்தாரமாக ஆலாபனை செய்யும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. காந்தாரம் அசைய வேண்டிய இடத்தில் பலருக்கு அது நின்றுவிடுகிறது. வீட்டில் நாகஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் இந்தக் குறை குறைவு. நாகஸ்வரத்தைத் தொடாமல் நேராக ஸாக்ஸபோனுக்கு வரும் தலைமுறைக்கு, அந்த அசைவைப் பாட்டிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.