மழையிலே சிங்கராஜ வனம்

ஹெவ்லொக் டவுனில் வாழ்வோர் நாள்தோறும் கடைக்கும் பாடசாலைக்கும் செல்லும் ஹெவ்லொக் வீதியே, ஹைலெவல் வீதியாகத் தொடர்ந்து, அவிசாவளையைக் கடந்து இரத்தினபுரி வரை செல்கின்றது. அவ்வீதி வழியே சென்ற சித்திரை விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கராஜ வனத்துக்குப் புறப்பட்டோம். காட்டினுள்ளே இருக்கும் ஓர் அருவியைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்பது என் ஆசை.

இரத்தினபுரி, கலவானை வழியாகக் குடாவையை அடைந்து, அனுமதிச் சீட்டுப் பெற்று, வழிகாட்டி ஒருவருடன் நடக்கத் தொடங்கினோம். அட்டைகளுக்கு அஞ்சி, என் மனைவி பிள்ளைகளின் கால்களிற் சவர்க்காரத்தைப் பூசிவிட்டாள். 1970ஆம் ஆண்டுகளில் ஒட்டுப்பலகைக்காக இவ்வனத்தில் மரம் தறித்தார்கள். மக்கள் எதிர்த்தமையால் அப்பத்தாண்டின் பிற்பகுதியிலே அது நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது. மரம் ஏற்றிய வண்டிகளுக்காக வெட்டிய பாதையிலேதான் இன்று நாம் நடக்கின்றோம் என்றார் வழிகாட்டி.

நண்பகலுக்குப் பின் மழை தொடங்கிற்று. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் காடு அல்லவா? முதலில் இலைகளின்மேல் ஓசை மட்டுமே கேட்டது. சிறிது நேரங் கழித்தே துளிகள் எம்மீது விழுந்தன.

அருவியின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் ஓர் ஓடை குறுக்கிட்டது. முழங்காலளவு நீர்தான். மூத்தவன் இறங்கப் போனான். வழிகாட்டி அவன் கையைப் பற்றி நிறுத்தி, நீரினின்று தலைநீட்டி நின்ற ஒரு கல்லைக் காட்டினார். நாங்கள் பார்த்திருக்கவே தெளிந்த நீர் தேயிலைச் சாயம்போல் மாறிற்று, சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன, கல் மறைந்தது.

“மாத்தயா, இங்கே மழை விட்டாலும் மலையில் பெய்தது இனிமேல்தான் வந்து சேரும்,” என்றார் அவர் சிங்களத்தில்.

“அப்பா, இன்னும் கொஞ்சத் தூரந்தானே?” என்று மூத்தவன் கெஞ்சினான். உண்மையைச் சொன்னால், என் மனமும் அவன் பக்கமே சாய்ந்தது. சின்னவளின் கையைப் பிடித்திருந்த மனைவி ஒன்றும் பேசாமல் வந்த வழியே திரும்பினாள். நாங்களும் பின்தொடர்ந்தோம். சிறிது நேரத்தில், ஓடையின் ஓசை அருவியின் இரைச்சலையே அடக்கிவிட்டது. மூத்தவன் பிறகு ஒன்றுங் கேட்கவில்லை.

தை, மாசி மாதங்களில் அங்கே மழை குறைவு. அப்போது மீண்டும் செல்வதாகப் பிள்ளைகளுக்கு வாக்களித்திருக்கின்றேன். செல்ல விரும்பும் அன்பர்கள் காலையிலேயே நடக்கத் தொடங்குக. வழிகாட்டி நில் என்றால் நிற்க.