ஐபைத்தான் 6.0: ஓர் இன்ஸ்டாலும் மூன்று தடுப்புகளும்

புது வெர்ஷன் வந்துவிட்டது என்று தெரிந்தால் சிலருக்குக் கை சும்மா இருக்காது. என்ன மாறியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைச்சல். டெர்மினலைத் திறந்து 'பிப் இன்ஸ்டால்' என்று ஒரு வரி அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது புதுசு ஓட வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. ஓடவில்லை என்றால்?

அந்தக் கேள்வியை, மென்பொருளை எழுதியவர்களே முன்கூட்டி உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். 2017 ஏப்ரலில் வெளிவந்த ஐபைத்தான் 6.0-இன் கதை அது. அந்த வெர்ஷனில் வந்த புது வசதிகளை விட, அதை இன்ஸ்டால் செய்ய முடியாதவர்களுக்காக அவர்கள் செய்த வேலைதான் சுவாரசியம்.

ஐபைத்தான் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பைத்தானோடு வரும் சாதாரண ஷெல் ஒரு வரியை வாங்கிக்கொண்டு பதிலைச் சொல்லும், அதற்கு மேல் அதிகம் பேசாது. ஐபைத்தான் கொஞ்சம் வாயாடி. ஒரு ஃபங்ஷனின் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டால் விளக்கத்தைக் காட்டும். இரண்டு கேள்விக்குறி போட்டால், அந்த ஃபங்ஷன் பைத்தானிலேயே எழுதப்பட்டிருக்கும் பட்சத்தில், மூல நிரலையே எடுத்துக் காட்டிவிடும். 2001-இல் இதை ஆரம்பித்தவர் ஃபெர்னாண்டோ பெரெஸ். அப்போது அவர் அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவர். ஆய்வேட்டை எழுத வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து எழுதிய 259 வரி நிரல்தான் முதல் ஐபைத்தான். (ஆய்வேட்டைத் தள்ளிப்போடுவது எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் போல!) 2011 டிசம்பரில் வந்த 0.12-இல் நோட்புக் சேர்ந்தது. அது வளர்ந்து, ஜூபிட்டர் என்ற பெயரில் தனிக்குடித்தனம் போனது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பழைய பைத்தான் 2-க்கு எழுதிய நிரல் பல இடங்களில் இதில் அப்படியே ஓடாது. தெரிந்தேதான் அப்படி மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்று புரிய வேறெங்கும் போக வேண்டாம், 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வெறும் மேற்கோள் குறிக்குள் போட்டு நீளம் எவ்வளவு என்று கேட்டால், யூடிஎஃப்-8 டெர்மினலில் பைத்தான் 2 சொல்லும் பதில் 15. அது எண்ணுவது பைட்டுகளை. பைத்தான் 3-இடம் கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு கணக்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும், அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. ஆனாலும் 15-க்கு 5 எவ்வளவோ மேல். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பழையதில் அது நடக்காது.

இவ்வளவு இருந்தும் உலகம் உடனே மாறிவிடவில்லை. பைத்தான் 2-க்கான ஆதரவை 2015-இல் நிறுத்துவதாக இருந்தவர்கள், 2014-இல் அதை 2020 வரை நீட்டித்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஐபைத்தான் போன்ற கருவிகளை எழுதுபவர்கள்தான். ஒவ்வொரு வரியும் இரண்டிலும் ஓட வேண்டும், ஒவ்வொரு வெளியீட்டையும் இரண்டிலும் சோதிக்க வேண்டும். போதும் என்று 2016 ஜூலையில் வந்த 5.0-ஐப் பைத்தான் 2-க்கான கடைசி வரிசையாக அறிவித்துவிட்டு, 6.0-ஐப் பைத்தான் 3-க்கு மட்டும் என்று முடிவு செய்தார்கள்.

முடிவு எடுப்பது சுலபம். ஒரு கல்லூரி ஆய்வகத்தைக் கற்பனை செய்யுங்கள். கணினியில் பைத்தான் 2.7. நாளை காலை பிராஜெக்ட் ஒப்படைக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மாணவி ஐபைத்தானை அப்கிரேட் செய்கிறாள். பிப் நேராக இருப்பதிலேயே புதிய வெர்ஷனைப் பிடித்து வந்து, பழையதை அழித்துவிட்டு, புதியதை வைத்துவிடுகிறது. திறந்தால் 'சின்டாக்ஸ் எரர்'. பழையதும் போச்சு, புதியதும் ஓடாது. இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பிழைச்செய்தியைப் பார்ப்பவர் தன் மேலேயே சந்தேகப்படுவார். வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருந்தோமே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். அந்த நேரத்தில் யார் அதைப் படிக்கப் போகிறார்கள்?

பிப் ஏன் அப்படி முட்டாள்தனமாக எடுத்து வருகிறது? பைத்தான் தொகுப்புகளின் கிடங்கான பைபிஐ-யில், ஒவ்வொரு தொகுப்புக்கும் வெறும் இணைப்புகள் மட்டும் உள்ள ஒரு பக்கம் உண்டு. பிப் அதைப் பார்த்து, பெரிய எண் எதுவோ அதை எடுக்கும். இந்த வெர்ஷனுக்கு எந்தப் பைத்தான் வேண்டும் என்று குறிப்பிட ஒரு தகவல் புலத்தை 2005-இல் தொடங்கிய ஒரு பரிந்துரையிலேயே யோசித்து வைத்திருந்தார்கள். ஆனால் பிப் அதைச் சட்டை செய்யவில்லை. கடை போர்டில் எழுதியிருந்தும் யாரும் நிமிர்ந்து பார்க்காத மாதிரி.

ஐபைத்தான் குழுவினர் தங்கள் மென்பொருளை விட்டு வெளியே இறங்கி, அடுத்தவர் மென்பொருள்களில் கை வைத்தார்கள். அந்தத் தகவல் பைபிஐ பக்கத்தில் ஒவ்வொரு இணைப்போடும் வர வேண்டும், செட்டப்டூல்ஸ் அதை எழுதத் தெரிந்திருக்க வேண்டும், பிப் அதைப் படிக்க வேண்டும். மூன்றும் வெவ்வேறு இடம், வெவ்வேறு ஆட்கள். 2016 நவம்பரில் வந்த பிப் 9.0 முதல்முறையாக அந்தப் போர்டை நிமிர்ந்து பார்த்தது. பைத்தான் 2.7-இல் இருந்து கேட்டால் 6.0-ஐத் தாண்டி விட்டுவிட்டு 5-ஆம் வரிசையைக் கொடுக்கும். கேட்டவருக்கு நடுவில் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. முதல் தடுப்பு இது.

இதில் ஓட்டை எங்கே என்று உடனே பிடித்திருப்பீர்கள். பழைய பைத்தான் வைத்திருப்பவரிடம் பிப்பும் பழையதாகத்தான் இருக்கும்! மருந்து யாருக்கு வேண்டுமோ அவரிடம்தான் அது போய்ச் சேராது.

அதனால் இரண்டாவது தடுப்பு. 6.0-இன் தயார்நிலைத் தொகுப்பில் பைத்தான் 3-க்கு மட்டும் என்ற அடையாளம் இருந்தது. பழைய பிப்புக்குக் கூட அந்த அடையாளம் புரியும். எனவே அதை விட்டுவிட்டு மூல நிரல் தொகுப்பை எடுக்கும். மூலத் தொகுப்பு என்றால் முதலில் அதனுள் இருக்கும் 'செட்டப்' கோப்பு ஓடியாக வேண்டும். அங்கேதான் காத்திருந்தார்கள். பைத்தான் பழையது என்று தெரிந்தால் அங்கேயே நின்றுவிடும், பழைய ஐபைத்தானைத் தொடாது. நின்றுவிட்டுச் சும்மாவும் இருக்காது. பைத்தான் 2.7 என்றால் 5-ஆம் வரிசையைப் போடுங்கள், உங்கள் பிப் பழசாக இருக்கலாம், 9.0.1-க்கு மேல் இருக்கிறதா பாருங்கள் என்று வழியும் சொல்லும். அந்த மாணவி அடுத்து அடிக்க வேண்டிய வரி அதிலேயே இருக்கிறது.

மூன்றாவது தடுப்பு, இவை இரண்டையும் எப்படியோ தாண்டி வந்தவர்களுக்கு. இம்போர்ட் செய்யும்போதே வெர்ஷனைப் பார்த்து, இதே மாதிரி செய்தியைக் காட்டும். ஒரு நுணுக்கம்: அந்தச் சோதனை எழுதிய கோப்பு மட்டும் பைத்தான் 2-க்கும் புரிகிற மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செய்தி வருவதற்கு முன்னாலேயே 'சின்டாக்ஸ் எரர்' முந்திக்கொள்ளும்.

இந்த அனுபவத்தை மத்தியாஸ் புசோன்னியேவும் எம் பேசரும் 2017-இல் போர்ட்லாந்தில் நடந்த பைகான் மாநாட்டில் பேசினார்கள். மற்ற தொகுப்புகளை எழுதுபவர்களும் இதையே செய்ய வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதற்குக் காரணம் உண்டு. ஐபைத்தான் தனியாக இன்ஸ்டால் ஆவதில்லை, கூடவே ஒரு பட்டாளம் வரும். அதில் ஒரே ஒரு தொகுப்பு இந்தத் தகவலை எழுத மறந்தாலும் பழைய கணினியில் இன்ஸ்டால் அங்கே வந்து நின்றுவிடும்.

இன்றைக்குப் புதிதாக ஐபைத்தான் போடுபவர்களுக்குப் பைத்தான் 2 ஒரு பிரச்சினையே இல்லை. அதன் ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. இப்போது மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான் 3-கள் இருக்கும், 'பிப்' என்று மட்டும் அடித்தால் அது எந்தப் பைத்தானுடையது என்று சொல்ல முடியாது. 'பைத்தான் -எம் பிப்' என்று அடித்தால், அந்தப் பைத்தானுக்கே போய்ச் சேரும். பிராஜெக்டுக்கு ஒரு தனிச் சூழல் உருவாக்கி அதற்குள் போட்டால் இன்னும் நிம்மதி. ஏதாவது கெட்டால் அந்த ஃபோல்டரை மட்டும் அழித்தால் போதும்.

பைத்தான் 3-இன் பழைய வெர்ஷன்களையும் ஐபைத்தான் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டேதான் வருகிறது. 2022 ஜனவரியில் வந்த 8.0-க்குப் பைத்தான் 3.8 தேவைப்பட்டது. அன்றைக்கு 3.7 வைத்திருந்தவர்களுக்குப் பிப் சத்தமில்லாமல் 7-ஆம் வரிசையை எடுத்துக் கொடுத்தது.