பூதக் கண்ணாடியும் சந்தாச் சீட்டும்

"ஆராய்ச்சிச் சாலையை விட்டுத் தொழிற்சங்கத்துக்கு ஏன் போனாய்?" என்று நம் சங்க நண்பர்கள் பலர் கேட்கின்றனர். சிலர் பரிவோடு கேட்கின்றனர். சிலர் பட்டத்தைப் பாழாக்கியவனைப் பார்ப்பது போல் கேட்கின்றனர். இரு சாராருக்கும் சேர்த்தே விடை எழுதுகிறேன்.

ஆறாண்டுகள் காசநோய்க் கிருமியோடு வாழ்ந்தவன் நான். சில கிருமிகள் இருபது நிமிடத்தில் இரண்டாகும்; இதற்கோ ஏறக்குறைய இருபது மணி நேரம் வேண்டும். தட்டில் வளர்ந்து கண்ணுக்குத் தெரிய மூன்று வாரமாவது ஆகும். எனக்குப் பொறுமை கற்பித்த ஆசான் அக்கிருமியே. அதை நான் வெறுக்கவில்லை, இன்றும் வெறுக்கவில்லை.

குடியிருந்தது ஜீவனஹள்ளியில். காக்ஸ் டவுனுக்கு அருகில், தமிழும் கன்னடமும் உருதும் ஒரே குழாயடியில் சண்டையிட்டுச் சமாதானமாகும் பகுதி. கீழ்வீட்டு அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்தவர். அவருக்குக் காசநோய் என்று தெரிந்தபோது, நான் என் படிப்பையெல்லாம் கூட்டி மருந்தின் மகிமையை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாத்திரை சும்மாதான் தர்றாங்க தம்பி. ஆறு மாசம் சோறு யாரு தருவாங்க?" என்றார்.

இக்கேள்விக்கு விஞ்ஞானத்திலும் விடை உண்டு. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் வழங்கி நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2023-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் கண்டவர் தொகை ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தது! அரிசியும் பருப்பும் செய்த வேலை அது. அந்த அரிசிக்குக் கூலி வேண்டுமே. கூலி நிற்காமலிருக்க என்ன வழி?

வழி இருந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், ஈராண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்து போதிய நாட்கள் சந்தா கட்டிய தொழிலாளிக்குக் காசநோய் கண்டால், கூலியில் 80 விழுக்காட்டை ஈராண்டு வரை கூடப் பெறலாம் என்பது விதி. அக்காவுக்கு அது தெரியாது. ஆறாண்டு காசநோயே படித்த எனக்கும் தெரியாது. சங்கத்து அம்மாள் ஒருவர்தாம் சொன்னார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு.

அக்கா தனியாகப் போய்த் தாள்களைக் கேட்டபோது மேலாளர் முகங்கொடுத்தும் பேசவில்லை. நாற்பது பெண்கள் வாயிலில் நின்றபோது அதே தாள் அரை மணியில் வந்தது. 2016 ஏப்ரலில் பெங்களூர்ச் சாலைகளை நிறைத்து, சேமநல நிதி விதியையே மத்திய அரசு கைவிடச் செய்த பெண்கள் அல்லவா இவர்கள்!

நான் போட்ட புது வழி அன்று இது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவம் பயின்ற பினாயக் சென், தில்லியில் ஆசிரியப் பணியை விட்டுப் பின்னர் தல்லி ராஜ்ஹரா சுரங்கத் தொழிலாளரிடம் போனார். சங்கர் குஹா நியோகி தலைமையில் அத்தொழிலாளர்கள் தம் பணத்தாலும் உழைப்பாலும் எழுப்பிய ஷஹீத் மருத்துவமனை 1983-இல் திறக்கப்பட்டது. 1977-இல் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட தோழர்களின் நினைவு அது. நியோகி 1991-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். சென்னுக்கு 2010-இல் ஆயுள் தண்டனை. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் பிணை தந்தது. ஆம்பூரில் என் அம்மா இவற்றை எங்கோ கேட்டுவிட்டு மூன்று நாள் சரியாக உண்ணவில்லை. அவளுக்கு இன்றுவரை என்னிடம் தக்க சமாதானம் இல்லை.

என் பேராசிரியரோ கோபிக்கவில்லை. "தட்டுகளை யாரிடம் ஒப்படைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். இளையவர் ஒருவரிடம் ஒப்படைத்தேன்; நன்றாகவே வளர்க்கிறார்.

அக்கா குணமடைந்து மீண்டும் தையல் பொறியில் அமர்ந்துவிட்டார். மாதந்தோறும் சந்தாச் சீட்டோடு என்னிடம் வந்து, வரவு சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்த பிறகே போகிறார். ஞாயிறு மாலை ஜீவனஹள்ளியில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறோம். கன்னடம் பிழையின்றி எழுத வல்ல நண்பர்கள் வந்தால் நலம். என் கன்னடத்தைக் கண்டு அலுவலக எழுத்தர்கள் சிரிக்கிறார்கள்.