கம்பெனி கட்டிக் கொடுத்த சுவர் மட்டும் போதுமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஊர்களில் நவரைப் பட்டத்துக்கு நாற்று விடும் நேரத்தில் போனால், பேச்சு நெல்லில்தான் தொடங்கும். எந்த ரகம், விதை எப்போது வரும், ஏரியில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் தாங்கும் என்று கேட்பார்கள். பத்து நிமிடத்தில் பேச்சு பிள்ளைகளிடம் போய் நிற்கும்.

"சார், பையன் ப்ளஸ் டூ முடிக்கப்போறான். கம்பெனி பஸ் ஊருக்குள்ளயே வருது. மாசமானா சம்பளம். காலேஜ் எதுக்கு சார்?" என்பார் ஒருவர்.

"நம்ம ஊரு ஸ்கூலுக்குக் கம்பெனிக்காரங்க ஏதாச்சும் செய்வாங்களா? யாரைப் பார்க்கணும்?" என்பார் இன்னொருவர்.

பூச்சிக்கும் மானியத்துக்கும் பதில் சொல்லியே பழகிய வேளாண்மை அலுவலரிடம் ஏன் இதைக் கேட்கிறார்கள் என்று முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், ஊருக்குள் மாதம் இரண்டு முறையாவது வந்து நின்று பேசும் அரசாங்க ஆள் நான்தான். அதனால் பள்ளிக்கூடம் பற்றியும் கொஞ்சம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் பக்கம் 1990-களின் பிற்பாதியில்தான் வேகமாக மாறத் தொடங்கியது. 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸான். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களுக்கு நடுவே சிப்காட் வளாகங்கள் எழுந்தன. வேலை வந்தது உண்மை. பல வீடுகள் நிமிர்ந்ததும் உண்மை.

அதே நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலை இழந்தார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். கையில் டிப்ளமோ, பட்டம் வைத்திருந்தவர் அடுத்த கதவைத் தட்டலாம். ப்ளஸ் டூவோடு உள்ளே போனவருக்கு அது கூடுதல் சிரமம். பயிரில் ஒரு பட்டம் பொய்த்தால் அடுத்த பட்டம் இருக்கிறது. பதினெட்டு வயதில் விட்ட படிப்பை இருபத்தாறு வயதில் திரும்பப் பிடிப்பது அப்படி எளிதல்ல. அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும் வைத்திருக்கும் நமக்கு, பிள்ளைக்கு விட்டுப்போகும் சொத்தில் படிப்புதான் பெரிய பங்கு. அதனால்தான், கம்பெனிகளும் அறக்கட்டளைகளும் அரசுப் பள்ளிக்குச் செய்யும் உதவி எது, அதில் எது நம் பிள்ளைக்குக் கடைசிவரை நிற்கும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்று வகை உதவி

முதல் வகை, பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது. நம் காஞ்சிபுரத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. பட்டுத்தறியில் சிறுவர், சிறுமியர் வேலை செய்த காலத்தில், அவர்களை மீட்டுப் படிக்கவைக்க 2002-ல் தொடங்கியது ஹேண்ட் இன் ஹேண்ட் என்ற தொண்டு நிறுவனம். தறியிலிருந்து வந்த பிள்ளையை நேரே வகுப்பில் உட்காரவைத்தால் அது நாலு நாளில் ஓடிவிடும். அதனால் சிறப்புப் பயிற்சி மையத்தில் விட்ட பாடத்தைச் சொல்லிக்கொடுத்து, வயதுக்கேற்ற வகுப்பில் பிறகு சேர்க்கிறார்கள். பிள்ளையை மீட்டால் மட்டும் போதாது, வீட்டு வருமானமும் வேண்டும் என்று தாய்மார்களுக்கு சுயஉதவிக் குழுக்களும் அமைத்தார்கள்.

இரண்டாவது வகை, பள்ளிக்கு வசதி செய்து கொடுப்பது. வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர், மேசை, கணினி எல்லாம் இதில் சேரும். இதற்காகவே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அமைப்பைத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது. அதன் தலைவர் டி.வி.எஸ். வேணு சீனிவாசன், தூதுவர் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த். கம்பெனி மட்டுமல்ல, அந்தப் பள்ளியில் படித்து வெளியூரில் இருக்கும் தனி ஆளும் தன் ஊர்ப் பள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கலாம்.

மூன்றாவது வகை, ஒரு பிள்ளையோடு வருடக்கணக்கில் கூடவே போவது. நடிகர் சூர்யா 2006-ல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல் 'விதை' என்ற பெயரில் இதைச் செய்கிறது. அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்த ஏழை வீட்டுப் பிள்ளை விண்ணப்பித்தால், தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். கூரை வீடா, தகப்பன் இருக்கிறாரா, வீட்டில் முதலில் காலேஜ் போகும் பிள்ளை இதுதானா என்று விசாரிக்கிறார்கள். தேர்வானால் கல்லூரி இடம், விடுதி என்பதோடு நிற்காமல், ஆங்கிலப் பயிற்சியும் ஆலோசனை சொல்ல ஓர் ஆளும் கிடைக்கும். 5,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இந்த வழியில் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள்.

மூன்றும் தேவைதான். ஆனால், நம் பக்கத்தில் அதிகம் கண்ணில் படுவது இரண்டாவது வகை. ஒரு ஊரில் கம்பெனி கொடுத்த கணினி அறையைப் பார்த்தேன். வர்ணம் மங்கவில்லை, கதவில் பூட்டு. சொல்லிக்கொடுக்க ஆளில்லை, பழுது பார்க்கவும் ஆளில்லை. இன்னொரு ஊரில் அறை எதுவும் புதிதாகக் கட்டவில்லை. அந்த ஊரிலேயே பட்டம் படித்த இரண்டு பெண்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, மாலையில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கவைக்கச் சொல்லியிருந்தார்கள். வராந்தாவில் பாய் போட்டு உட்கார்ந்து பிள்ளைகள் வாய்விட்டு வாசித்தார்கள். எழுத்துக்கூட்டத் தடுமாறிய பையன்கள் அடுத்த வருடம் கணக்குப் பாடத்தின் கேள்வியைத் தானே படித்துப் புரிந்துகொண்டார்கள் என்று அந்தப் பெண்களில் ஒருவர் சொன்னார்.

எங்கள் துறையிலும் இதே கதைதான். மானியத்தில் தென்னங்கன்று கொடுத்தால், கொடுத்த கணக்கு பதிவேட்டில் ஏறிவிடும். மூன்றாவது கோடையில் அது நிற்கிறதா என்பது குடம் சுமந்து தண்ணீர் ஊற்றியவருக்குத்தான் தெரியும்.

ஏன் சுவராகவே வருகிறது?

இதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர சொத்து மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய்க்குக் குறையாத கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். நிதி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கல்வி அதில் ஒரு தலைப்பு. தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. ஆகவே, நாம் போய்க் கேட்பது பிச்சையல்ல.

கணக்கு மார்ச் மாதத்தில் முடியும். அதற்குள் செலவழித்துக் காட்டச் சுவரும் மேசையும் தோதானவை. படம் எடுக்கலாம், கல்வெட்டு வைக்கலாம். இந்த மார்ச் மாதத்து அவசரம் அரசு அலுவலகத்தில் இருக்கும் எங்களுக்கும் நன்றாகத் தெரியும்.

ஆனால், 2021-ல் வந்த திருத்த விதிகளில் 'தொடர் திட்டம்' என்று ஒன்று இருக்கிறது. தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை ஒரே திட்டத்துக்குச் செலவு செய்யலாம். மாலை வகுப்புக்கு ஆள், ஆய்வகப் பொருள், கணினிக்குப் பராமரிப்பு, கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு விடுதிச் செலவு என்று கேட்க இதில் இடமுண்டு. ஒன்றை மட்டும் கலக்கக் கூடாது. காலியாக இருக்கும் ஆசிரியர் பணியிடத்தை நிரப்புவது அரசின் பொறுப்பு. அதைக் கல்வித் துறையிடம்தான் கேட்க வேண்டும், கம்பெனியிடம் அல்ல.

கேட்க வேண்டியது யார்?

கம்பெனி வாசலில் போய் நாலு பேர் நின்று கேட்டால் வேலை நடக்காது. அதற்குச் சட்டப்படி ஓர் அமைப்பு நம் ஊரிலேயே இருக்கிறது. அதுதான் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி இதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களாகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-லும் 2024-லும் இக்குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது இந்தக் குழுவின் வேலை. அதுவும் மூன்று ஆண்டுக் கணக்குதான். கம்பெனியின் தொடர் திட்டத்தோடு அப்படியே பொருந்துகிறது.

பல ஊர்களில் இந்தக் கூட்டம் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. நடவு, களையெடுப்பு என்று பெற்றோர் வருவதில்லை. வந்தாலும் தலைமை ஆசிரியர் எதிரே வாய் திறக்கக் கூச்சம். எழுதிய திட்டம் இல்லாத பள்ளிக்குக் கம்பெனி தனக்குத் தோன்றியதைச் செய்துவிட்டுப் போகும். அதில் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஊர் கூடிப் பள்ளியைத் தூக்கி நிறுத்தியது நமக்குப் புதிதல்ல. காமராசர் முதல்வராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் முதல் மாநாடு 1958-ல் நடந்தது, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூரில்தான். நமக்கு அதிக தூரமில்லை. அந்த இயக்கத்தை நடத்திய கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு, காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று முதலில் பட்டியல் போட்டார்கள். பெஞ்சு, கரும்பலகை, பிள்ளைகளுக்குத் துணி, மதிய உணவுக்குப் பாத்திரம் என்று ஆளுக்கொன்றாக ஊர்க்காரர்களே ஏற்றுக்கொண்டார்கள். அன்று கம்பெனி இல்லை, பட்டியல் இருந்தது. இன்று சுற்றிலும் கம்பெனி இருக்கிறது, பல ஊர்களில் பட்டியல்தான் இல்லை.

எந்த வகுப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

அறக்கட்டளையின் உதவி எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்காது. அரசு வழியில் கிடைப்பதை முதலில் விடாமல் வாங்க வேண்டும்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தேர்வு, பள்ளியில் என்.எம்.எம்.எஸ். என்பார்கள். ஏழாம் வகுப்பில் 55 சதவிகித மதிப்பெண் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50), ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாவார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்திலும், பையனுக்கு 2024 ஆகஸ்ட் முதல் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 2021 முதல் 7.5 சதவிகித இட ஒதுக்கீடும் உண்டு. மருத்துவத்துக்கு 2020-லேயே வந்துவிட்டது. இதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான் கணக்கு. கல்வி உரிமைச் சட்ட இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்தவர்களுக்குத் தனி விதி. கடன் வாங்கி இரண்டு வருடம் தனியார் பள்ளியில் போட்டு, கட்ட முடியாமல் திரும்பக் கொண்டுவருபவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

நஞ்சை இரண்டரை ஏக்கர், புஞ்சை ஐந்து ஏக்கருக்கு மிகாத சிறு, குறு விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. அதில் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. கிராம நிர்வாக அலுவலரையும், சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர் அலுவலகத்தையும் கேளுங்கள்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றை ப்ளஸ் டூ தேர்வுக்கு முன்பே எடுத்துவையுங்கள். ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் வரிசை நிற்கும், அதற்குள் தேதி போய்விடும். இன்னொன்று, உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம். நல்ல அறக்கட்டளை பிள்ளையிடம் காசு கேட்காது.

"காலேஜ் எதுக்கு?" என்று கேட்கும் தகப்பன்மாரிடம், கம்பெனி வேலை கூடாது என்று நான் சொல்வதில்லை. வீட்டுக் கஷ்டம் அவருக்குத்தான் தெரியும். மூன்று வருடம் டிப்ளமோ முடித்துவிட்டு அதே கம்பெனிக்குப் போனால், நுழையும் படி வேறு, வெளியே வந்தால் கையில் இருப்பதும் வேறு என்று மட்டும் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு என்ன செலவாகும், எந்த உதவி எவ்வளவு ஈடுகட்டும் என்று தாளில் எழுதிக் காட்டினால் பலரும் யோசிக்கிறார்கள். சாகுபடிச் செலவுக் கணக்கு போடத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு கடினமல்ல.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் தேதியைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள். வீட்டிலிருந்து ஒருவராவது போங்கள், அம்மா போனால் இன்னும் நல்லது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் சுவருக்கும் மேசைக்கும் அடுத்து, பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்ல ஆள் வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே எழுதச் சொல்லுங்கள்.